கார்பன் சுங்கவரியும் கடைமடை உழவரும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்னும் இரு சொற்களையும் விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் திறந்துவிடும் நீர் வெண்ணாற்றின் கிளைகள் வழியாக எங்கள் வேதாரணியம் பக்கத்துக்கு வந்து சேர நாள்கள் பல ஆகும். மேலே ஒருவர் மதகை அளவுக்கு மேல் தூக்கினால், கீழே ஒருவருடைய நாற்றங்கால் காயும். தூக்கியவர் அந்த நட்டத்தைக் கண்ணால் காண்பதுமில்லை; அதற்காக ஒரு காசு கொடுப்பதுமில்லை. இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் 'புறவிளைவு' என்னும் பாடத்தை நடத்தியபோது, மற்ற மாணவர்கள் ஆலைப் புகையை நினைத்தார்கள். நான் எங்கள் ஊர் வாய்க்காலை நினைத்தேன்.

இன்று உலகம் முழுவதும் அத்தகைய ஒரு வாய்க்காலாகிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வெளிவிடும் கரியமில வாயு, எந்த நாட்டில் வெளிப்பட்டாலும் எல்லா நாடுகளின் வானிலும் கலக்கிறது. அதனைத் தடுக்கப் பொருளியலார் கூறும் வழிகளுள் ஒன்று கார்பன் சுங்கவரி. அது எத்தகையது, நியாயமானதா, நம் படுகைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்ணன் கொண்டுவந்த தாள்

இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்தது நூலகத்தில் அன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில். என் அண்ணன் திருச்சிக்கு அருகில் போல்ட், நட்டு செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் பணிபுரிகிறார். அங்கே செய்யும் போல்டுகளில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குச் செல்கிறது. 2024ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவர் கையில் சில தாள்கள் இருந்தன. உலையில் எரித்த எரிபொருள் எவ்வளவு, மின்சாரம் எத்தனை யூனிட், வாங்கிய இரும்புக் கம்பி எந்த ஆலையில் உருவானது, அந்த ஆலை ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது என்று கேள்விகள் நீண்டன. வாங்குபவர் அனுப்பியிருந்த படிவம் அது.

"கம்பி வாங்குற கடைக்காரருக்கே தெரியாதுடா தம்பி, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன். பதில் அனுப்பாவிட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்னும் கவலை அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கம் கூறினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சரிப்பா, வரி போடுறாங்க. அந்தக் காசு யாரு கைக்குப் போவுது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர்ப் படித்துப் பார்த்தபோது, இப்பொருளின் உயிர்நாடியே அக்கேள்விதான் என்பதை உணர்ந்தேன்.

விலையில் சேராத செலவு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட 'நலப் பொருளியல்' என்னும் நூலில் ஒரு கருத்தை நிலைநாட்டினார். ஒருவர் செய்யும் தொழிலால் பிறருக்கு நட்டம் ஏற்பட்டு, அந்த நட்டம் பொருளின் விலையில் சேராதிருந்தால், சந்தை தவறான கணக்கைக் காட்டும். அப்பொருள் மலிவாகத் தோன்றும். தேவைக்கு மேல் உற்பத்தியாகும். நட்டத்துக்குச் சமமான வரியை விதித்தால் கணக்கு நேராகும் என்பது அவர் வாதம்.

கரியமில வாயுவுக்கு விலை வைக்க இரு வழிகள் உண்டு. ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று நேராக வரி விதிப்பது ஒன்று; பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் இவ்வழியைத் தொடங்கின. மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு கட்டி, அந்த வரம்புக்குள் உரிமச் சீட்டுகளை ஆலைகள் தமக்குள் வாங்கவும் விற்கவும் விடுவது மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய சந்தை இவ்வகையைச் சேர்ந்தது. அச்சந்தையில் ஒரு டன்னின் விலை 2024, 2025ஆம் ஆண்டுகளில் பெரும்பாலும் 60 யூரோவுக்கும் 80 யூரோவுக்கும் இடையே நின்றது.

இவ்விரண்டிலும் 'இதைச் செய்யாதே' என்னும் தடை இல்லை. செய்தால் இவ்வளவு செலவு என்று மட்டும் சொல்லப்படுகிறது. குறைந்த செலவில் புகையைக் குறைக்கக்கூடிய ஆலை முதலில் குறைக்கும். இயலாத ஆலை விலை கொடுக்கும். இதனையே சந்தை வழித் தீர்வு என்கிறோம்.

எல்லையில் ஏன் வரி?

இங்கே ஓர் இடர் எழுகிறது. ஐரோப்பாவில் உள்ள இரும்பாலை புகைக்கு விலை கொடுக்கிறது. பிற நாட்டு ஆலை கொடுப்பதில்லை. அவ்வாறாயின் விலை கொடுக்காத நாட்டுப் பொருளே மலிவாக விற்கும். ஐரோப்பிய ஆலை மூடப்படும். அதே புகை வேறு நாட்டிலிருந்து எழும். உலகுக்கு ஒரு பயனும் இராது. பொருளியலார் இதனைக் 'கசிவு' என்பர். ஒரு வாய்க்காலின் கரையை உயர்த்திவிட்டுப் பக்கத்து வாய்க்காலில் உடைப்பை அடைக்காமல் விட்டதற்கு இது ஒப்பாகும்.

2018இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்தாஸ் 2015இல் ஒரு யோசனையை முன்வைத்தார். கரியமில வாயுவைக் குறைக்க உடன்படும் நாடுகள் ஒரு சங்கம் போல் கூட வேண்டும். சேராத நாடுகளின் பொருள்கள்மீது சுங்கவரி விதிக்க வேண்டும். இல்லையேல் ஊரார் கூடி வாய்க்கால் தூர்வாரும்போது வீட்டில் படுத்திருந்துவிட்டு, தண்ணீர் வந்ததும் மண்வெட்டியுடன் வருகிறவரைப் போலப் பல நாடுகள் நடந்துகொள்ளும் என்பது அவர் கருத்தின் சாரம்.

ஐரோப்பிய ஒன்றியம் செய்தது இதற்குச் சற்று மாறானது. உள்நாட்டு ஆலை கொடுக்கும் அதே விலையை இறக்குமதிப் பொருளும் கொடுக்கட்டும் என்று 2023 மே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றியது. இரும்பும் எஃகும், அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் அடங்கும். 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை கணக்குக் கொடுத்தால் மட்டும் போதும் என்னும் இடைக்காலம். அண்ணன் கையில் இருந்த தாள் அக்காலத்தைச் சேர்ந்தது. 2026 சனவரி முதல் நாளிலிருந்து பணம் செலுத்தும் கடமை தொடங்கிற்று. முதலாண்டில் சுமை மிகச் சிறிது. ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாக அளித்துவரும் சீட்டுகள் குறையக் குறைய இது கூடி, 2034இல் முழு அளவை எட்டும். ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் வரவழைக்காத சிறு இறக்குமதியாளருக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு டன் எஃகு செய்ய ஓர் ஆலை 2.5 டன் கரியமில வாயுவை வெளிவிடுவதாகக் கொள்வோம். சீட்டு விலை 70 யூரோ என்றால், வரி முழு அளவை எட்டியபின் அந்த எஃகு 175 யூரோ சுமக்கும். நம் நாணயத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் மேல். வேறோர் ஆலை 1.5 டன் மட்டும் வெளிவிட்டால் அதன் சுமை 105 யூரோ. இடையே உள்ள 70 யூரோதான் ஆலையைத் திருத்தும் தூண்டுகோல்.

நம் நாட்டு எஃகில் பெரும்பகுதி நிலக்கரியைக் கொண்டே உருக்கப்படுகிறது. 2024 டிசம்பரில் மைய அரசு பசுமை எஃகுக்கு ஒரு வரையறை வெளியிட்டது, டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளிவிட்டால்தான் 'பசுமை' என்னும் பெயர். அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் ஆலைகள் நம்மிடம் மிகுதி.

நம் கொள்முதல் நிலையத்தை நினைத்தால் இவ்வரி எளிதில் விளங்கும். அங்கே நெல்லை எடை போடுவதோடு விடுவதில்லை. மணிக்குள் மறைந்திருக்கும் ஈரத்தையும் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தொல்லை. அதுபோலவே எஃகுக்குள் மறைந்திருக்கும் புகையை எல்லையில் அளக்கிறார்கள். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நெல்லின் ஈரத்தைக் கருவி அப்போதே காட்டும். போல்டுக்குள் இருக்கும் புகையையோ, கம்பி செய்த ஆலை முதல் போல்டு செய்த கூடம் வரை ஒவ்வொருவரும் எழுதி வைத்த கணக்குதான் காட்டும். கணக்கு இல்லாதவருக்குச் சட்டம் ஓர் உத்தேச அளவை வைக்கிறது. அது பெரும்பாலும் உண்மை அளவினும் கூடுதலாக இருக்கும். பெரிய ஆலைகள் கணக்கெழுத ஆள் வைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கூடம் என்ன செய்யும்? வரியைக் காட்டிலும் படிவமே அவர்களுக்குப் பெரிய மதில் எனலாம்.

நம் பக்கத்து நியாயம்

இவ்வரியை இந்தியா எதிர்ப்பதில் பொருள் உண்டு. 1992இல் ரியோ நகரில் கையொப்பமான ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, எல்லா நாடுகளுக்கும் பொறுப்பு பொதுவானது, ஆனால் சமமானதன்று என்று கூறுகிறது. காலநிலையைக் காரணம் காட்டி வணிகத்துக்கு மறைமுகத் தடை விதிக்கலாகாது என்றும் அதே உடன்படிக்கை கூறுகிறது. இன்று இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஐரோப்பியர் ஒருவர் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாகக் காரணமாகிறார். மேலும் இவ்வாயு வானில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. இருநூறு ஆண்டுகளாக மதகை உயர்த்தி வைத்திருந்த தலைமடைக்காரர், இன்று மதகடியில் உட்கார்ந்துகொண்டு கடைமடைக்காரரிடம் தீர்வை கேட்பது போன்ற காட்சி இது.

'சமப்படுத்தும் வரி' என்னும் சொல்லே நமக்குப் பழைய புண். 1896இல் ஆங்கில அரசு, இறக்குமதித் துணிக்கு விதித்த மூன்றரை விழுக்காட்டு வரிக்கு ஈடாக, இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை விழுக்காடு கலால் வரி விதித்தது. போட்டியைச் சமப்படுத்துவதாகக் கூறினர். உண்மையில் காக்கப்பட்டது லங்காஷயர் ஆலைகளின் இலாபமே. நம் தலைவர்கள் முப்பதாண்டுகள் போராடியபின் 1926இல்தான் அவ்வரி முற்றிலும் ஒழிந்தது. பொருளியல் வரலாற்றைப் படித்த மாணவன் சமம் என்னும் சொல்லைக் கண்டதும் தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்ப்பது இயல்பே.

நம் கடற்கரைக்கு நெருக்கமான மற்றொரு வழக்கும் உண்டு. கடலாமைகள் வலையில் சிக்கி இறவாதிருக்க, ஆமை தப்பும் கருவி பொருத்தாத நாடுகளிலிருந்து இறால் வாங்குவதை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998இல் மேல்முறையீட்டுக் குழு வழங்கிய தீர்ப்பு கருதத்தக்கது. ஆமையைக் காக்கும் நோக்கம் தவறில்லை. ஆனால் எல்லா நாடுகளோடும் ஒரே அளவில் பேசாமல், தன் முறையையே அனைவரும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று வற்புறுத்தியது தவறு என்றது அத்தீர்ப்பு. அமெரிக்கா பின்னர்த் தன் முறையைத் தளர்த்தியது. 2001இல் அது ஏற்கப்பட்டது. கார்பன் சுங்கவரிக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பது என் கருத்து. நோக்கத்தை எதிர்ப்பது வீண். நடத்தும் முறையைக் கேள்வி கேட்பதே அறிவுடைமை.

மறுபக்கமும் உண்மையே

இத்துடன் நிறுத்தினால் நான் வழக்கறிஞனாவேனே அன்றி மாணவனாகேன். புகைக்கு விலையே வேண்டாம் என்று கூறும் தகுதி கடைமடைக்காரனுக்கு எப்படி வரும்? கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் உப்பேறுவது எங்கள் வடிகால் ஆறுகள். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் அருகே கரை கடந்த இரவில், அப்பா வைத்த தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்தன. அந்த ஒரு புயலுக்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று நான் கூறவில்லை. கடல் வெப்பமாக ஆக, வலிய புயல்கள் மேலும் வலிமை பெறும் என்பது அறிவியலார் முடிவு. ஆதலின் புகைக்கு விலை வேண்டும் என்பதில் உலகிலேயே நமக்குத்தான் அக்கறை மிகுதியாக இருக்க வேண்டும்.

ஆகவே வரி வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியன்று. அப்பா கேட்டதே கேள்வி.

அந்தக் காசு யார் கைக்கு?

எல்லையில் பிரிக்கும் பணம் ஐரோப்பாவிலேயே தங்குகிறது. பொருள் அனுப்பிய ஏழை நாடுகளுக்கு அதைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் அச்சட்டத்தில் இல்லை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பொருள் உருவான நாட்டிலேயே கார்பன் விலை செலுத்தப்பட்டிருந்தால், அத்தொகையைக் கழித்துக்கொள்ளலாம். முன் சொன்ன கணக்கில், நம் நாட்டிலேயே டன்னுக்கு 20 யூரோ விலை இருந்தால், 2.5 டன்னுக்கு 50 யூரோ இங்கேயே தங்கும். எல்லையில் 125 யூரோ கொடுத்தால் போதும். ஆலைக்குச் சுமை ஒன்றுதான். பணம் சேரும் பெட்டிதான் வேறு.

இந்தியா இதற்கான பாதையில் அடி எடுத்து வைத்திருக்கிறது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 சூன் மாதத்தில் கார்பன் சீட்டு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025இல் அலுமினியம், சிமென்ட் முதலிய தொழில்களுக்கு இலக்குகள் வெளியாயின. உற்பத்தி அளவைக் கட்டுப்படுத்தாமல், ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு புகை என்பதைக் கட்டுப்படுத்தும் முறை இது. வளரும் நாட்டுக்கு இதுவே பொருத்தம்.

ஆனால் பணம் உள்நாட்டுப் பெட்டியில் விழுந்துவிட்டால் மட்டும் அப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுமா? நம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். 2010இல் மைய அரசு நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி விதித்து, தூய எரிசக்திக்கென ஒரு தேசிய நிதியை அமைத்தது. மேல்வரி 2014இல் 100 ரூபாயாகவும், 2015இல் 200 ரூபாயாகவும், 2016இல் 400 ரூபாயாகவும் உயர்ந்தது. பெரும் கார்பன் வரி என்றே அதனைச் சொல்லலாம். திரண்ட பணத்தில் ஒரு பகுதியே அந்நோக்கத்துக்குச் சென்றது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அம்மேல்வரி நீங்கி, அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் வரியாக மாறிற்று. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாயிற்று. இது விலைக்கு ஏற்ற வரியே அன்றிப் புகைக்கு ஏற்ற வரியன்று. தரம் குறைந்த மலிவான நிலக்கரிக்கு வரியும் குறைவு. அயலார் பெட்டியைக் குறை கூறும் நாம், நம் பெட்டியின் பூட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெல்லுக்கு வருவோம்

நெல்லுக்கு இவ்வரி இல்லை. எனினும் நெல்வயலும் கணக்கில் சேர்ந்ததே. நீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாதபோது நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. இதற்கு மருந்து நம் முன்னோர் சொல்லிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சலாம் என்பது வேளாண் அறிவியலார் அதற்குத் தந்த அளவு. கதிர் பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். இதனால் நீரும் மிஞ்சும். மீத்தேனும் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறையும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "காயப் போடலாம்ப்பா. முறைத் தண்ணி நம்ம ஊருக்கு வராமப் போனா, காஞ்சது காஞ்சதுதான்" என்றார். தலைமடைக்காரர் நாளைக்குத் தண்ணீர் வரும் என்னும் நம்பிக்கையில் வயலைக் காயவிடலாம். கடைமடைக்காரருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதனால்தான் வந்த நீரைத் தேக்கி வைக்கிறார். ஆகவே மீத்தேனைக் குறைக்க உழவருக்கு அறிவுரை மட்டும் போதாது. ஷட்டர்கள் பழுது நீங்க வேண்டும். வாய்க்கால் கடைசி வரை தூர்வாரப்பட வேண்டும். முறை தவறாமல் நீர் வர வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும். நிலக்கரியும் எஃகும் கொடுக்கும் கார்பன் விலையில் ஒரு பங்கு இவ்வேலைகளுக்கு வந்தால், வரி வரியாகவே நில்லாமல் ஊரைக் காக்கும் மராமத்தாகவும் ஆகும்.

முடிவுரை

ஆராய்ந்த அளவில் என் முடிவுகள் மூன்று. ஒன்று, புகைக்கு விலை வைப்பது சரியான பொருளியலே; அதனை எல்லையில் வசூலிப்பதும் நோக்கத்தளவில் தவறன்று. இரண்டு, முன்பு மிகுதியாக எடுத்தவர் வசூலித்துத் தாமே வைத்துக்கொள்வது நியாயமன்று. எனவே இந்தியா தன் விலையைத் தானே வைத்து, அப்பணத்தை இங்கேயே நிறுத்த வேண்டும். மூன்று, அப்பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதில் ஒரு பங்கு சிறு தொழிற்கூடங்கள் கணக்கெழுதக் கற்கவும், உலைகளை மாற்றவும், மற்றொரு பங்கு கடைமடைப் பாசனத்தைச் சீர்செய்யவும் செல்ல வேண்டும்.

அண்ணனுக்கு அந்தப் படிவத்தை நிரப்ப மூன்று வாரம் உதவி செய்தேன். உலை எரிபொருளும் மின்சாரமும் எளிதில் கிடைத்தன. கம்பி எந்த ஆலையினுடையது என்பதை அறியத்தான் மூன்று கடைகளுக்கு அலைய வேண்டியிருந்தது. ஆர்டர் வந்தது. இப்போது அக்கூடத்தில் மாதந்தோறும் கணக்கெழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். பொருளியல் படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் இத்தகைய கூடங்களுக்குச் சென்று இதைக் கற்றுக்கொடுத்தால், பாடமும் பயனும் ஒருங்கே கிட்டும் என்பதைப் பேராசிரியப் பெருமக்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் வைக்கிறேன்.